நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பும்போது

மூச்சுக் கஷ்டத்தோடு ஒரு பிள்ளை நெடுந்தீவு வைத்தியசாலைக்கு வந்தால் முதலில் எழும் குரல் “படகைக் கூப்பிடுங்கோ” என்பதுதான். படகைக் கூப்பிடுங்கள். அதே கையோடு யாழ்ப்பாணத்திலுள்ள குழந்தை வைத்திய நிபுணரையும் கூப்பிடுங்கள். எதிரே படகு சேரும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல்; அதன் பிறகுதான் தரைவழி. எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் கேட்காது, ஆட்டத்தில் கன்னுலா (மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் போடும் சிறுகுழாய்) போடமுடியாது. கரையில் செய்யாமல் விட்டது செய்யாததுதான்.

தொலைபேசியில் முதலில் வயதும் நிறையும். நிறுக்க முடியாவிட்டால் வயதோடு 4 ஐக் கூட்டி இரண்டால் பெருக்குங்கள்: 3 வயதுப் பிள்ளை சுமார் 14 கிலோ. ஒரு வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிவராது. பிறகு ஒரு முழு நிமிடம் எண்ணிய மூச்சு, நாடித்துடிப்பு, ஒட்சிசன் அளவு, இரத்தச் சீனி. நெஞ்செலும்பை விரலால் 5 விநாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்பதையும் சொல்லுங்கள்; 3 விநாடிக்கு மேல் போனால் இரத்த ஓட்டம் குறைகிறது.

வீடியோ அனுப்பும்போது பலர் முகத்தையே காட்டுகிறார்கள். நிபுணருக்கு வேண்டியது சட்டை கழற்றிய நெஞ்சும் வயிறும், பக்கவாட்டில், நல்ல வெளிச்சத்தில், 30 விநாடி. நேரடி வீடியோ துண்டு துண்டாக வந்தால் பதிவுசெய்து அனுப்புவதே மேல்.

கடலில் சிக்னல் அறும் என்று வைத்துக்கொண்டே புறப்படுங்கள். “வலிப்பு வந்தால் என்ன, மூச்சு விட்டு விட்டு வந்தால் என்ன, சீனி இறங்கினால் என்ன?” என்று கரையிலேயே கேட்டு, மருந்தின் அளவை மில்லிலீற்றரில் எழுதுங்கள். மருந்தை இழுத்து, சிரிஞ்சில் பிளாஸ்ரர் ஒட்டி, பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.

அதிகம் பிழை விடுவது ஒட்சிசன் கணக்கில்தான். சிலிண்டரின் கொள்ளளவை மீற்றர் காட்டும் அழுத்தத்தால் (“பார்” என்ற அலகில்) பெருக்கினால் உள்ளே உள்ள லீற்றர் வரும். 5 லீற்றர் சிலிண்டரில் 140 பார் என்றால் 700 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் போனால் 70 நிமிடம். “ஒரு மணிநேரம்தானே, ஒன்று போதும்” என்று தோன்றும். ஏற்றி இறக்க 20 நிமிடம் சேர்த்தால் 80 நிமிடம், 800 லீற்றர். சோளகக் காற்றிலோ வாடைக் காற்றிலோ கடல் குழம்பினால் இன்னும் நேரமாகும். ஆகவே இரட்டிப்பாக 1600 லீற்றர், அதாவது நிரம்பிய மூன்று சிலிண்டர். திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே நூலால் கட்டுங்கள். சிலிண்டரில் பூட்டும் ரெகுலேற்றருக்குள் இருக்கும் சிறிய வாஷர் விழுந்துவிட்டால் சிலிண்டர் நிரம்பியிருந்தும் காற்று சீறி வெளியே போய்விடும். ஒரு மேலதிக வாஷர் பையில் இருக்கட்டும்.

கன்னுலா இரண்டு போடுங்கள், ஒன்று கழன்றுவிடும். ஆடும் படகில் சேலைன் துளியை எண்ணமுடியாது. நிபுணர் சொன்ன அளவை சிரிஞ்சில் எடுத்துக் கையால் மெதுவாகக் கொடுங்கள். டெங்குப் பிள்ளைக்கு இது இன்னும் கவனம்: கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். மூச்சுக்குழாய்க்குள் ரியூப் போட்ட பிள்ளை என்றால் உதட்டில் எத்தனையாவது சென்ரிமீற்றர் என்று குறித்து, ஒவ்வொரு முறை தூக்கி வைத்த பிறகும் பாருங்கள்.

வெயில் பட்டால் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி தாறுமாறாகக் காட்டும். மேலே ஒரு காலுறையைப் போட்டுவிடுங்கள். அலாரம் காதில் விழாது, எனவே ஒரு கை எப்போதும் நெஞ்சின் மேல் இருக்கட்டும். போன் பொலித்தீன் பைக்குள். தாயும் கூட வரட்டும். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி.

படகு புறப்படும்போதே அம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள், குறிகட்டுவானில் காத்திருக்கட்டும். இறங்குதுறையில் அவசரப்பட்டுப் பழைய சிலிண்டரைக் கழற்றாதீர்கள். அம்புலன்ஸின் மாஸ்க்கை முதலில் உங்கள் கன்னத்தில் பிடித்து, காற்று வருகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றுங்கள்.