எக்ஸ்எஃப்சிஇ திரையை அழகாக்கிய விதம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் சூழலை நிறுவியதும் பலர் தீம் மாற்றத்தான் ஓடுவார்கள். என்னைக் கேட்டால், முதலில் எழுத்துருவைச் சரிசெய்ய வேண்டும். பாதி அழகு அங்கேதான் இருக்கிறது.

ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற எழுத்துருத் தொகுப்பை நிறுவினேன். அப்புறம் தோற்ற அமைப்பில் எழுத்துருப் பகுதிக்குப் போய் நோட்டோ சான்ஸ் 10 வைத்து, எழுத்தின் ஓரங்களை மென்மையாக்கும் ஆன்டி-அலையாசிங்கை இயக்கி, எழுத்தைத் திரைப் புள்ளிகளோடு பொருத்தும் ஹின்டிங்கைக் குறைத்தேன். ‘ஞ’, ‘ண’ சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாகத் தெரிந்தன. தமிழ் படிக்கிற கண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

அடுத்து கிரேபேர்ட் தீம். இதைத் தோற்ற அமைப்பில் மட்டும் மாற்றினால் சில பதிப்புகளில் போதாது. சாளர மேலாளர் அமைப்பிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாளரத்தின் தலைப்புப் பட்டை மட்டும் பழைய கோலத்திலேயே நிற்கும்.

திரையின் கீழே இருந்த பேனல் பட்டையை நீக்கிவிட்டேன். மேலே ஒன்றே தாராளம்.