கவிதை காபரே: முதல் நிகழ்வை நடத்துவதற்கான செய்முறை

காபரே என்றதும் பழைய திரைப்படங்களின் கிளப் நடனமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலோ அச்சொல், மேசைகளைச் சுற்றி அமர்ந்து, பானம் அருந்தியபடி பாட்டும் கவிதையும் நையாண்டியும் கேட்கும் சிறு கூடத்தைக் குறிக்கும். 1881இல் பாரிஸில் ரொதோல்ஃப் சாலி தொடங்கிய ‘ஷா நுவார்’ அப்படிப்பட்டது. 1916 பிப்ரவரி 5 அன்று சூரிக்கில் கவிஞர்கள் ஹூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் திறந்த ‘காபரே வோல்தேர்’ இன்றும் நல்ல பாடமாக இருக்கிறது.

முதலில் இடத்தைத் தேடுங்கள். நாற்பது பேர் அமரக்கூடிய தேநீர்க் கடையின் மாடியே போதும். ஆனால் நாற்காலிகளை வரிசையாகப் போடாமல், கவிஞர் நடுவே நடந்துவர வழிவிட்டு, சிறு மேசைகளாகப் பிரித்துப் போடுங்கள்.

அடுத்து நிரலை அமையுங்கள். நான்கு கவிஞர்கள், ஒரு பாடகர், ஒரு வாத்தியக் கலைஞர், இவர்களை இணைக்கும் தொகுப்பாளர் ஒருவர் வேண்டும். கனமான கவிதைகளை அடுத்தடுத்து வைத்தால் கேட்பவர் களைத்துவிடுவார் என்பதால், இடையிடையே பாட்டோ வேடிக்கையோ வரட்டும்.

மூன்றாவதான உடையும் ஒளியும்தான் வாசிப்பை நிகழ்த்துகலையாக்குகின்றன. 1916 ஜூனில் காபரே வோல்தேரில் ஹூகோ பால், இடுப்புவரை பளபளக்கும் நீல அட்டைக் குழாயும், உள்ளே சிவப்பும் வெளியே பொன்னிறமுமான பெரிய கழுத்துப்பட்டையும், உயர்ந்த தொப்பியும் அணிந்து, பொருளுள்ள சொற்களுக்குப் பதிலாக வெறும் ஒலிகளால் ஆன ஒலிக்கவிதைகளை வாசித்தார். அந்த உடையில் நடக்க இயலாததால் இருட்டில் அவரை மேடைக்குத் தூக்கி வந்தார்கள்; மூன்று தாங்கிகளில் தாள்கள் காத்திருந்தன. வாசிக்க வாசிக்கத் தம் குரல் பாதிரியாரின் புலம்பலைப் போல மாறியதை அவரே நாட்குறிப்பில் எழுதினார். செலவு வெறும் அட்டைதான். ஆகவே கவிதைக்குப் பொருந்தும் உடையையே தேர்ந்தெடுத்து, அதை அணிந்தே ஒத்திகை பாருங்கள். உடை மூச்சையும் நிறுத்தங்களையும் மாற்றிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இறுதியில் வருகிறது. மேடை நிரல் முடிந்ததும் கவிஞர்கள் ஆளுக்கொரு மூலையில், ஒரு விளக்கும் இரண்டு நாற்காலிகளுமாக அமர்ந்து, தேடி வருபவருக்கு மட்டும் தணிந்த குரலில் ஒரு கவிதை வாசிக்கட்டும். எவரையும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. விருப்பமுள்ளவர் தம் மேசையிலுள்ள சிவப்பு அட்டையை நிமிர்த்தி வைக்கலாம் என்று தொகுப்பாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி அட்டை கவிழ்ந்த பிறகு கூடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.