செய்திப் படம்: எடுப்பது வேறு, போடுவது வேறு

கொழும்பில் செய்திப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கச்சிமார் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: படம் எடுப்பது ஒரு முடிவு, அதைப் போடுவது இன்னொரு முடிவு. சம்பவ இடத்தில் யோசித்துக்கொண்டு நின்றால் படம் போய்விடும், அதனால் அம்புலன்ஸுக்கு வழி விட்டு, யாரையும் மறிக்காமல் எடுங்கள். பக்கத்தில் உதவ வேறு யாருமே இல்லையென்றால் கமராவைத் தோளில் போட்டுவிட்டு ஆளைத் தூக்குங்கள்.

போடுவதற்கு முன்தான் நிதானம் வேண்டும். இதில் இருப்பவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள். இறந்தவரின் முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது, ஒரு காப்பு, ஒரு சட்டை போதும், வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்குத் தகவல் போகும் முன் அது வட்ஸ்அப்பில் போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குச் சில நாள் கழித்து, பொலிஸ் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்கப் பெண்ணின் படமும் இருந்தது. பிழை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் படம் பரவிவிட்டது. உறுதியாகத் தெரியாத முகத்துக்குப் பெயர் எழுதாதீர்கள்.

போராட்டப் படங்கள் இதைவிடச் சிக்கல். கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா பார்க்கச் சொல்லித்தான் நிற்கிறார், அவர் முகத்தை மறைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பின்னால் ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் கதை வேறு. போராட்டக்காரர்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த 2022 ஜூலை 9க்குப் பிறகு படங்களையும் காணொளிகளையும் வைத்தே ஆட்களை அடையாளம் கண்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். "அம்மா, இது பேப்பரில் வரும், பேஸ்புக்கிலும் வரும், சரியா?" என்று தெளிவாகக் கேளுங்கள், பேப்பருக்குச் சொன்ன சம்மதம் பேஸ்புக்குக்கு ஆகாது. அனுப்பும் முன், எங்கே எடுத்தது என்று படக் கோப்புக்குள் பதிவாகியிருக்கும் இடத் தகவலையும் அழித்துவிடுங்கள்.

வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, அவ்வளவுதான். 2003இல் ஈராக்கில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கியதற்காக லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் தன் படப்பிடிப்பாளரை வேலையிலிருந்து நீக்கியது. களனி கங்கை பெருகும்போது பழைய வெள்ளப் படத்தைப் போட வேண்டி வந்தால், எடுத்த ஆண்டையும் 'கோப்புப் படம்' என்பதையும் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

அப்புறம், படத்தில் இருப்பவரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். படத்தை நீக்கிவிடச் சொல்லி அவர் அழைத்தால், முதலில் காரணத்தைக் கேட்டு, அன்றைக்கே ஆசிரியரிடம் பேசுங்கள்.