பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்வை மறுபடியும் எரிய வைக்க

பெரியம்மா வீட்டுப் பரணை ஒழித்தபோது கிடைத்த ஸ்டவ் அது. உடம்பெல்லாம் கறுத்துப்போய், மூடியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. பம்ப் கம்பி பாதியிலேயே சிக்கி நின்றது. "இனிமே இது எங்க எரியப் போகுது, எடைக்குப் போட்டுடு" என்றார் பெரியம்மா. எனக்கு மனசு வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதனுடன் உட்கார்ந்தேன். அழுத்தத்தில் எரியும் மண்ணெண்ணெய் ஹீட்டரோ பெட்ரோமாக்ஸ் போன்ற மேண்டில் விளக்கோ உங்களிடம் இருந்தாலும், கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். எல்லாம் ஒரே குடும்பம்தான்.

முதலில் இது எப்படி எரிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1892-இல் ஸ்டாக்ஹோமில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் திரியே இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பைச் செய்தார். பின்னால் 'பிரைமஸ்' என்று உலகம் முழுக்கப் போனது அதுதான். பம்ப் அடித்தால் தொட்டிக்குள் காற்று இறுகும். அந்தக் காற்று எண்ணெயை மேலே தள்ளும். சூடான பர்னர் குழாய்க்குள் போகும் எண்ணெய் ஆவியாகி, நிப்பிள் என்னும் சின்ன முனையின் ஊசித்துளை வழியாகச் சீறி வெளியே வந்து, காற்றோடு கலந்து புகையில்லாமல் நீலமாக எரியும். அந்தச் சுவாலையே பர்னரைச் சூடாக வைத்திருக்கும். ஆகவே ஸ்டவ் எரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டே காரணம்: காற்று எங்கோ போகிறது, அல்லது எண்ணெய் எங்கோ அடைபட்டிருக்கிறது. பளபளப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் முதல் நாளே வரும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடும் முன்பும், தொட்டிக் காற்றை வெளியே விடும் சின்னத் திருகான காற்றுத் திருகைத் திறந்து விடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்காது என்று நம்பி மூடியைக் கழற்றக் கூடாது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் கொஞ்சம் புது மண்ணெண்ணெய் ஊற்றி, சின்னச் சங்கிலித் துண்டு ஒன்றை உள்ளே போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பசை போல ஒட்டியிருக்கும் கசடு உதிர்ந்து வரும். வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கரைத்தும் கழுவலாம். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் ஊற விட வேண்டாம். அதிக நேரம் விட்டால் பித்தளை செம்பு நிறத்துக்கு மாறிவிடும். அமிலத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, முழுக்கக் காய வையுங்கள்.

தொட்டியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அடிவிளிம்பையும் ஈயப்பற்று வைத்த இடங்களையும் இன்னொரு முறை பாருங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் பித்தளைக்குப் போடாதீர்கள். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக வெடித்துப் பிளந்தன. குதிரை லாயங்களில் வைத்திருந்ததால் அங்கிருந்த அம்மோனியாதான் காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அடித்து வளைத்த பித்தளையில் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த இறுக்கமே விரிசலாகிவிடும். ஸ்டவ் தொட்டியும் அப்படி அடித்து வளைத்ததுதான். விரிசல் விட்ட தொட்டியை நான் பற்று வைத்து எரிக்க மாட்டேன், அலமாரியில் அழகுக்கு வைப்பேன். மண்ணெண்ணெய் ஆவி தங்கிய தொட்டியில் நெருப்புக் காட்டுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது பர்னர். இதில்தான் நான் ஒரு பாடம் படித்தேன். முன்பு வேறொரு ஸ்டவ்வில் பர்னரை ஒரு ஸ்பானரால் மட்டும் பிடித்துத் திருகினேன். மரை அசையவில்லை. அடியிலிருந்த குழாய் தொட்டியோடு சேர்ந்த இடத்தில் ஈயப்பற்று விட்டுப்போய், குழாய் கையோடு வந்துவிட்டது. எனவே இரண்டு ஸ்பானர் வேண்டும்: ஒன்று குழாயை அசையாமல் பிடிக்க, இன்னொன்று பர்னரைத் திருக. அதற்கு முந்தின இரவே மரையில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாவிட்டால், தொட்டியில் மண்ணெண்ணெய் ஆவி துளியும் இல்லை என்றால் மட்டும் சூடேற்றலாம். ஆனால் தொட்டிக்கு அருகே ஈயப்பற்று இருக்கிறது என்ற நினைவோடு, பர்னரின் மேல்பகுதியில் மட்டும்.

கழற்றிய பர்னருக்குள் கரி அடைத்திருக்கும். ஊதிப் பார்த்தால் காற்று தடைப்படும். நான் செய்வது இது: வெளியில் காற்றோட்டமான இடத்தில் இடுக்கியால் பிடித்து மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, தண்ணீரில் முக்குவேன். சடசடவென்று கரி உடைந்து தண்ணீர் கறுக்கும். மூன்று நான்கு முறை செய்தால் போதும். பளிச்சென்று சிவக்க விடாதீர்கள், பித்தளை உருகிவிடும். இப்படிச் சூடான பித்தளை மென்மையாகிவிடுவதால், பிறகு மரையை முறுக்கும்போது கை லேசாக இருக்க வேண்டும்.

நிப்பிளின் துளை கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர்தான். அதற்குரிய ஸ்டவ் பின்னைத் தவிர வேறு கம்பி எதையும் நுழைக்காதீர்கள். தடித்த ஊசியால் குத்திக் குத்தித் துளை பெருத்த நிப்பிளில், எவ்வளவு சுத்தம் செய்தாலும் சுவாலை மஞ்சளாகவே வரும். அப்படியானால் புது நிப்பிள் மாற்றுங்கள். அதை மாட்டும் இடத்தில் பித்தளையும் பித்தளையும்தான் பொருந்த வேண்டும். டேப் சுற்றக் கூடாது, சூட்டில் அது நிற்காது.

இனி பம்ப், என் மனசுக்குப் பிடித்த பகுதி. கம்பியின் முனையில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். பெரியம்மா ஸ்டவ்வில் அது காய்ந்த இலை மாதிரி சுருங்கியிருந்தது. தூக்கிப் போட வேண்டாம் என்று மெஷின் ஆயிலில் ஒரு இரவு ஊற வைத்தேன். காலையில் விரல் நுனியால் விளிம்பை மெதுவாக விரித்தேன். கறுப்பாக மின்னிக்கொண்டு, பிறந்த குழந்தையின் காதுமடல் போல மெத்தென்று இருந்தது. குழாய்க்குள் விட்டு அழுத்தியபோது முதல்முறையாகக் கையில் எதிர்ப்பு தெரிந்தது. கிண்ணத்தின் வாய் தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும். கிழிந்துபோன தோலை மட்டும் மாற்றினால் போதும்.

பம்ப் குழாயின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. காற்றை உள்ளே விடும், திரும்பி வர விடாது. பம்ப் அடித்துக் கையை எடுத்ததும் கம்பி தானாக மேலே எழுந்து வந்தால், அல்லது பம்ப் குழாயில் மண்ணெண்ணெய் நின்றால், கோளாறு இங்கேதான். இதைத் திறக்க நீளமான தனிச் சாவி வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் முயன்று தலையைச் சிதைத்துவிட்டால் பிறகு மிகவும் கஷ்டம். உள்ளே மெல்லிய ஸ்பிரிங், ஒரு துளி கார்க் அல்லது ரப்பர் வட்டு இருக்கும். கழற்றும்போது வெள்ளைத் துணியின்மேல் வைத்துக் கழற்றுங்கள், ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும். புது வட்டை நைட்ரைல் ரப்பரில் வெட்டிப் போடுங்கள். சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதிப்போகும். மூடி வாஷரையும் அப்படியே மாற்றுங்கள். பர்னருக்கு அடியில் ஈய வாஷர் வரும் இடத்தில் எப்போதும் புதியது, ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது.

சரி, சோதனை. பர்னரை மாட்டாமல், அந்தக் குழாயை மரைக்குப் பொருந்தும் அடைப்பானால் மூடி, காலித் தொட்டியில் பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்துத் தண்ணீர் வாளிக்குள் முக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கம்ப்ரஸர் காற்று விட வேண்டாம், ஸ்டவ்வின் சொந்தப் பம்பே போதும். எனக்குக் காற்றுத் திருகின் அடியிலிருந்து வரிசையாகக் குமிழி வந்தது. திருகின் கூம்பு முனையில் படிந்த அழுக்கைத் துடைத்ததும் நின்றது.

பற்ற வைப்பது வெட்டவெளியில், அருகில் ஈரச் சாக்கும் மணலும் வைத்துக்கொண்டு. மண்ணெண்ணெய் மட்டும், முக்கால் தொட்டிக்கு மேல் வேண்டாம். பெட்ரோலை ஒரு துளிகூடக் கலக்காதீர்கள். காற்றுத் திருகைத் திறந்து வைத்து, பர்னருக்கு அடியிலுள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துங்கள், பர்னர் சூடாவதற்காக. ஸ்பிரிட் தீரும் தறுவாயில் திருகை மூடி, மூன்று நான்கு முறை மட்டும் பம்ப் அடியுங்கள். பர்னர் போதிய அளவு சூடாகவில்லை என்றால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே வந்து, மஞ்சள் சுவாலை ஆள் உயரத்துக்கு எழும். பயப்பட வேண்டாம், காற்றுத் திருகைத் திறந்தால் அழுத்தம் போய் அடங்கிவிடும். அதனால்தான் கை அந்தத் திருகின் பக்கமே இருக்க வேண்டும். ஆறவிட்டு மறுபடி ஸ்பிரிட்டிலிருந்து தொடங்குங்கள்.

எனக்கு இரண்டாவது முயற்சியில் பிடித்தது. முதலில் ஒரு தடுமாற்றம், அப்புறம் நீலம், அப்புறம் அந்த ஓயாத இரைச்சல். பெரியம்மா உள்ளேயிருந்து கதவருகில் வந்து நின்றார். "இதே சத்தம்தான்" என்று மட்டும் சொன்னார். இன்னும் பத்து முறை பம்ப் அடித்து, சுவாலை சமமாக வட்டமாக நிற்கிறதா, ஏதாவது ஒரு பக்கம் மஞ்சள் நாக்கு நீள்கிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம்.

வீட்டுக்குள் எரிப்பதானால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அணைக்கக் காற்றுத் திருகைத் திறந்தால் போதும். ஆறியபின் எண்ணெயை வடித்து, திருகைத் தளர்த்தி வைத்து, தோல் வாஷருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள்.