ஐரோப்பாவில் ஆய்வைத் தொடங்கும் முன்: அறநெறி அனுமதியை எந்த நாட்டில் யாரிடம் கேட்பது?

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எந்த அறநெறிக் குழுவின் சட்டபூர்வ அனுமதியும் இல்லாமல் நடத்தக்கூடிய ஒரு நேர்காணல் ஆய்வை, பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோவுக்குப் போய் அதே கேள்விகளோடு அனுமதியின்றி நடத்தினால் அது தண்டனைக்குரிய குற்றமாகிவிடலாம். முனைவர் பட்டத்துக்கோ, அதற்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கோ அண்மையில் ஐரோப்பாவுக்கு வந்திருக்கும் தமிழர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். வீட்டுப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் வழிசொல்ல எல்லா ஊரிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு அறநெறி என்று வரும்போது பெரும்பாலோர் நெறியாளர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள், அல்லது வேறொரு நாட்டில் படிக்கும் நண்பர் வாட்ஸ்அப் குழுவில் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இரண்டில் பின்னதே கூடுதல் ஆபத்தானது. நண்பர் சொன்னது அவருடைய நாட்டுக்குச் சரியாகவே இருக்கக்கூடும் என்பதால் அதில் சந்தேகமே எழாது.

ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான ஓர் அறநெறி அலுவலகம் கிடையாது. மருந்துச் சோதனைகளுக்கு மட்டும் 2014ஆம் ஆண்டின் 536ஆம் எண் ஒழுங்குவிதி 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே இணையவாயில் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கும் ஒப்புதல் படிவம், ஆய்வாளரின் தகுதி, பங்கேற்பாளருக்கான இழப்பீடு முதலியவற்றை அந்தந்த நாடே தனியாக மதிப்பிடுகிறது. விலங்குகள் மீதான ஆய்வை 2010ஆம் ஆண்டின் 63ஆம் எண் வழிகாட்டுநெறி கட்டுப்படுத்துகிறது. ஆய்வுத் திட்டத்துக்கு அனுமதியும் விலங்கைக் கையாள்பவருக்குப் பயிற்சியும் இன்றி ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. அதில் ஆய்வகமே உங்களை வழிநடத்திவிடும் என்பதால் இங்கே விரித்துச் சொல்லவில்லை. சிக்கல் மனிதரைச் சந்தித்துப் பேசும் ஆய்வுகளில்தான் இருக்கிறது. நம் மாணவர்களில் கணிசமானோர் தம் சமூகத்தைப் பற்றியே ஆராய விரும்புவதால் அவர்கள் நேரே போய்ச் சேர்வதும் அந்தச் சிக்கலிடம்தான்.

இதில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியை, அதாவது எல்லாரும் ஜிடிபிஆர் என்று சொல்லும் சட்டத்தை, அறநெறி அனுமதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆய்வைச் செய்யலாமா என்பதை அறநெறிக் குழு தீர்மானிக்கிறது. திரட்டியதை எங்கே, எவ்வளவு காலம், எந்தச் சட்ட அடிப்படையில் வைத்திருக்கலாம் என்பதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தீர்மானிக்கிறது. ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. அச்சட்டத்தின் 9ஆம் உறுப்பு இனத்தோற்றம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம், பாலியல் வாழ்வு போன்றவற்றைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவுகளாகப் பட்டியலிடுகிறது. சாதி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் சாதியைப் பற்றி நீங்கள் கேட்கும் கேள்வி எதுவானாலும் அதைச் சிறப்புத் தரவாகவே நடத்துங்கள் என்பேன். குழுவில் இருக்கும் ஐரோப்பியருக்கு அதன் கனம் தெரியாமல் போகலாம், உங்களுக்குத் தெரியும்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு எப்படி இருக்கும் என்பதை ஒரே ஆய்வை வைத்துப் பார்ப்போம். புலம்பெயர்ந்து வாழும் ஈழத்தமிழ் மூத்தோர் 20 பேரை அவர்கள் வீடுகளில் சந்தித்து, போர்க்கால நினைவுகளையும் இப்போதைய தூக்கமின்மையையும் பற்றிப் பேசி ஒலிப்பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் எடுப்பதில்லை, மருந்து கொடுப்பதுமில்லை.

சுவீடனில் இந்த ஆய்வுக்கு அனுமதி கட்டாயம். 2003ஆம் ஆண்டின் அறநெறி மீளாய்வுச் சட்டப்படி, சிறப்புத் தரவுகளைக் கையாளும் ஆய்வு எத்துறையைச் சேர்ந்ததானாலும், பங்கேற்பாளர் முழு மனத்துடன் ஒப்புக்கொண்டிருந்தாலும், முன்கூட்டியே மீளாய்வுக்குப் போக வேண்டும். முன்பு பிராந்தியக் குழுக்கள் செய்துவந்த இந்தப் பணியை 2019 ஜனவரி முதல் உப்சாலாவைத் தலைமையிடமாகக் கொண்ட அறநெறி மீளாய்வு ஆணையம் செய்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமை வகிக்கிறார். நிறைவான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தொடங்கிவிட்ட ஆய்வுக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடைக்காது. வேண்டுமென்றோ பெரும் கவனக்குறைவாலோ சட்டத்தை மீறியவருக்கு அபராதமோ 2 ஆண்டு வரையிலான சிறையோ விதிக்கலாம். இளநிலை, முதுகலை மாணவர் படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலை இச்சட்டத்தின்படி ஆய்வாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அந்த முதுகலை நேர்காணல்களைப் பின்னர் ஆய்வுக் கட்டுரையாக்க நினைத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள், ஆகவே அந்த எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடுமை மிகையானது என்று அந்நாட்டுச் சமூக அறிவியலாளர்களே குரல் எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் புதிதாக வந்தவர் அந்த விவாதத்தைத் தம் ஆய்வை வைத்து நடத்திப் பார்க்க வேண்டியதில்லை.

டென்மார்க்கில் கேள்விக்கொத்து, நேர்காணல், பதிவேட்டுத் தரவு ஆகியவற்றை மட்டும் கொண்ட ஆய்வு, மனித உடற்கூறு மாதிரிகளைச் சேர்க்காத வரை, அறநெறிக் குழுக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டியதில்லை. தரவுப் பாதுகாப்புக் கடமைகள் மட்டும் அப்படியே இருக்கும். பல்கலைக்கழகத்தின் உள்குழுவிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆய்விதழ்கள் கேட்கும்போது காட்ட அது வேண்டியிருக்கும்.

நார்வேயில் ஒரு கிளைபிரிதல் உண்டு. உடல்நலம், நோய் பற்றிய புதிய அறிவைத் தேடும் ஆய்வென்றால், 2009 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சுகாதார ஆய்வுச் சட்டப்படி ரெக் எனப்படும் பிராந்தியக் குழுவின் முன்னனுமதி வேண்டும். நினைவுகளையும் வாழ்வனுபவத்தையும் மட்டும் ஆராய்வதென்றால் ரெக் தேவையில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சிக்ட் என்ற தேசிய சேவைக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன் அறிவிப்புப் படிவம் அனுப்பி, தரவுப் பாதுகாப்பு மதிப்பீட்டைப் பெற வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தூக்கமின்மையும் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. இத்தகைய இரண்டுங்கெட்டான் ஆய்வு ரெக்கின் வரம்புக்குள் வருமா என்பதை அதனிடமே முன்மதிப்பீடாகக் கேட்கும் வழி உள்ளது. அதைப் பயன்படுத்தி, வரும் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்து இன்னொரு வழியில் செல்கிறது. 1991இல் அமைக்கப்பட்ட டென்க் என்னும் ஆய்வு நேர்மைக்கான ஆலோசனைக் குழு வகுத்த வழிகாட்டுதலின்படி, மானுட அறிவியல் ஆய்வு 6 நிலைமைகளில் ஏதேனும் ஒன்றுக்கு உட்பட்டால்தான் மீளாய்வு வேண்டும். அன்றாட வாழ்வின் அளவை மீறிய மன உளைச்சல் ஏற்படக்கூடும் என்பது அவற்றுள் ஒன்று. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த ஒருவரிடம் 2009 மே மாதத்தைப் பற்றிக் கேட்பது இதற்குள் வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் சுவிட்சர்லாந்தில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மனித ஆய்வுச் சட்டம், மனித நோய்களையும் உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் பற்றிய ஆய்வுகளுக்குப் பொருந்தும். கன்டோன் எனப்படும் மாநிலங்களுக்கென 7 அறநெறிக் குழுக்கள் உள்ளன, எல்லாவற்றுக்கும் பேசெக் என்ற ஒரே இணையவாயில். ஆய்வு சட்ட வரம்புக்குள் வருமா என்ற கேள்வியையே ஒரு தனி விண்ணப்பமாக அங்கே சமர்ப்பிக்கலாம். ஜெர்மனியில் மருத்துவரின் தொழில்நெறி விதிகள் அவரை மாநில மருத்துவர் சங்கத்தின் அல்லது மருத்துவப் பீடத்தின் குழுவிடம் அனுப்புகின்றன. சமூகவியலாளருக்கு அத்தகைய பொதுச் சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும், நிதி வழங்குவோரும் இதழ்களும் கேட்பதால் பல பல்கலைக்கழகங்கள் தாமாகவே குழுக்களை அமைத்திருக்கின்றன. ஜெர்மன் அறநெறி மன்றம் என்ற பெயரைக் கேட்டு அங்கே விண்ணப்பிக்க முயல வேண்டாம், அது அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் கருத்துரைக்கும் அமைப்பு. நெதர்லாந்தில் மருத்துவ அறிவியல் ஆய்வாக இருப்பதோடு, பங்கேற்பாளர் ஏதேனும் செயல்முறைக்கோ நடத்தை விதிக்கோ உட்படுத்தப்பட்டால்தான் மருத்துவ அறநெறிக் குழுவின் அனுமதி சட்டப்படி தேவை. மனத்தைக் கடுமையாக அழுத்தும் கேள்விகளும் அந்த வரம்பைத் தொடக்கூடும்.

பிரான்சில் உடல்நலம் சார்ந்த ஆய்வென்றால் ஆய்வுப் பங்கேற்பாளர்களைப் பாதுகாக்க நாட்டிலுள்ள 39 அறநெறிக் குழுக்களில் ஒன்று குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறது. தெரிந்த குழுவைத் தேடிப்போக இயலாது, அது நல்ல ஏற்பாடு. பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் கேள்விக்கொத்தோடு இறங்க நினைப்பவர் வேறொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2007 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம், மக்களின் பூர்விகப் பன்மையை அளவிடும் ஆய்வுகள் இனத்தோற்றத்தை அடிப்படையாகக் கொள்ள முடியாது என்றும், பிறந்த இடம், முந்தைய குடியுரிமை போன்ற புறநிலைத் தரவுகளைக் கொள்ளலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே ‘உங்கள் இனம் எது’ என்று கேட்கும் கட்டத்தைப் படிவத்தில் வைக்கும் முன் பல்கலைக்கழகத் தரவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்ட பிரித்தானியாவில், பங்கேற்பாளர்களைத் தேசிய சுகாதாரச் சேவையின் நோயாளர் பட்டியல் வழியாகத் தேடினால் ஐராஸ் என்ற விண்ணப்ப முறையில் அச்சேவையின் அறநெறிக் குழுவுக்குப் போக வேண்டும். கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ தேடினால் பெரும்பாலும் பல்கலைக்கழகக் குழுவே போதும்.

அனுமதி கிடைத்தபின் ஒப்புதல் வாங்கும் இடத்தில் நமக்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. தெரிந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் வயதானவர்கள் தகவல் தாளைப் படிக்கவே மாட்டார்கள். தேநீரை நீட்டிக்கொண்டே, “நீ சொன்னால் சரிதானே தம்பி, எந்த இடத்தில் கையெழுத்து?” என்பார்கள். அந்தக் கையெழுத்து பாசத்தினால் வருகிறது, புரிதலினால் அல்ல. எந்தக் குழுவும் கேட்பது புரிந்து தரும் ஒப்புதலைத்தான். தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டி, பாதியில் விலகலாம் என்பதை அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்வரை பொறுத்திருங்கள். இதற்கு நேர்மாறாக, அகதி விண்ணப்ப விசாரணைகளில் தாம் இட்ட ஒவ்வொரு கையெழுத்தும் பின்னர் கேள்விக்குள்ளானதைக் கண்டவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திட மறுப்பார்கள். அவர்களிடம் ஒலிப்பதிவில் வாய்மொழி ஒப்புதல் பெறுவதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதினால் குழுக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. களத்துக்குப் போனபின் முறையை மாற்றினால் அது தனித் திருத்த விண்ணப்பமாகிவிடும். தமிழ்த் தகவல் தாளையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியிருக்கும், அதை முன்பே எழுதி, ஊர்வழக்கில் பேசும் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்துங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்ற எண்ணமும் வேண்டாம். ‘1987இல் புங்குடுதீவிலிருந்து வந்து, பேர்ன் நகரில் உணவகம் நடத்தி, கோயில் நிருவாகத்தில் இருந்த அறுபது வயதுக்காரர்’ என்று எழுதினால் எந்த ஐரோப்பிய வாசகருக்கும் ஆள் தெரியாது. நம்மவர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஊர், வந்த ஆண்டு, தொழில், கோயில் ஆகிய நான்கில் இரண்டையாவது பொதுமைப்படுத்துங்கள்.

களப்பணிக்காகத் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ போகிறவர்களுக்கு வேலை இருமடங்கு. இங்கே அனுமதி கிடைத்தது என்பதற்காக அங்கே தேவையில்லை என்று ஆகாது. வெளிநாட்டு ஒத்துழைப்புடன் நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு இந்தியாவில் உள்ளூர் அறநெறிக் குழுவோடு சுகாதார அமைச்சின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழகப் பீடங்களின் மீளாய்வுக் குழுக்களை அணுக வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் ஆய்வென்றால், உறுப்பு நாடுகள் எதிலுமே அனுமதிக்கப்படாத ஒன்றை வெளிநாட்டில் செய்ய இயலாது. இங்கே அனுமதி கிடைக்காததை ஏழை நாடுகளில் செய்துகொள்ளும் வழக்கத்தைத் தடுக்கவே 2018இல் ஒரு தனி நடத்தைக் கோவையும் வகுக்கப்பட்டு, ஒன்றியம் அதை ஏற்றிருக்கிறது. திரட்டிய ஒலிப்பதிவுகளை ஊரிலுள்ள உதவியாளருக்கு எழுத்தாக்க அனுப்புவதும் தரவு ஏற்றுமதிதான். தரவைப் போதிய அளவு பாதுகாக்கும் நாடு என்ற ஒன்றியத்தின் அங்கீகாரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இல்லாததால் அதற்கு முறையான ஒப்பந்தம் வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பின்னர் அழித்தால் போதாது.

ஆய்வு முறைகேடு இவற்றிலிருந்து தனியானது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2011, 2012 ஆண்டுகளில் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தப்பட்ட நோயாளிகள் மூவரும் பின்னர் இறந்தார்கள். அந்த அறுவைகள் சிகிச்சை என்ற பெயரில் நடந்தனவே தவிர அறநெறி மீளாய்வுக்குப் போகவேயில்லை. அறுவை மருத்துவருக்கு 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. பல்கலைக்கழகங்கள் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்வது போதாது என்ற கருத்தை அந்த விவகாரம் வலுப்படுத்த, தரவுப் புனைவு, தரவுத் திரிப்பு, எழுத்துத் திருட்டு ஆகிய குற்றச்சாட்டுகளை விசாரிக்க 2020 ஜனவரி முதல் தேசிய வாரியம் ஒன்று அங்கே இயங்குகிறது. ஜெர்மனியிலோ ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஆம்புட்ஸ்மன் எனப்படும் ஓர் ஆய்வு முறைமன்ற நடுவர் இருக்கிறார். அதற்கு மேல் தேசிய அளவிலும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆசிரியர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் விடுபட்டாலோ, தரவை ‘சற்றுச் சரிசெய்ய’ நெறியாளர் சொன்னாலோ, அந்த நடுவரிடம் ரகசியமாகப் பேசலாம். பேசுவது புகார் ஆகிவிடாது. விசாவும் சம்பளமும் நெறியாளர் கையில் இருக்கிறதே என்ற அச்சம் இயல்பானது. அதனால்தான் முதல் உரையாடலை முறைப்படி புகார் செய்வதிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். போகும்போது மின்னஞ்சல்களையும் கட்டுரை வரைவுகளையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள், பங்கேற்பாளர்களின் பெயர் உள்ள கோப்புகளை மட்டும் கொண்டுபோக வேண்டாம்.