நீட் இன்னொரு தடவை எழுதலாமா? முதலில் ஓஎம்ஆரை எடுங்கள்

நீட் ரிசல்ட் வந்ததும் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துப் பெற்றோர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டு மாடி ஏறிவிடுவார்கள். "சாரே, இன்னொரு வருசம் போடலாமா?" நான் உதவி பெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது டியூசன். கேட்கிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது, பத்து நாள் பொறுங்கள் என்பதுதான். பிள்ளை அழுதுகொண்டிருக்கிற வீட்டில், மாமாவும் சித்தப்பாவும் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிற காரியம் இல்லை இது. அதற்குள் கேரளத்துப் பாலாவிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கோச்சிங் சென்டர் போன்கள் வரும். இந்த வாரம் சேர்ந்தால் ஃபீஸ் குறைவு என்பார்கள். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்கள்.

அந்தப் பத்து நாளில் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. மார்க்கை மறந்துவிட்டு ரேங்கைப் பாருங்கள். 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்கள் முதலில் 67 பேர், திருத்திய பட்டியலில் 17 பேர். 2025-இல் இயற்பியல் எல்லாரையும் போட்டு வாட்டியதில் நாட்டிலேயே முதல் மார்க் 686. எனவே "போன தடவை பக்கத்து வீட்டுப் பையன் இத்தனை மார்க்குக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தானே" என்ற கணக்கு உதவாது. மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் பிரிவில் அரசுக் கல்லூரி இடங்கள் கடைசிச் சுற்றில் எந்த ரேங்கோடு முடிந்தன என்று பாருங்கள். உங்கள் ரேங்க் அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா, எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று அப்போது தெரியும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே உதவி பெறும் பள்ளிகள் அதிகம். அரசுதானே சம்பளம் கொடுக்கிறது என்று நினைத்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தங்களுக்கும் உண்டென்று நம்பிப் பலர் வருகிறார்கள். கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி. அந்த ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைக்குக் கணக்கே வேறு, ரிப்பீட் பண்ணினாலும் அந்தச் சலுகை போகாது.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. தேர்வு முகமை, பிள்ளை வட்டம் போட்ட விடைத்தாளான ஓஎம்ஆரின் நகலையும் விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது. வினாத்தாளோடு அவற்றை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தனியாக உட்கார வையுங்கள், பெற்றோர் பக்கத்தில் வேண்டாம். தப்பாய்ப் போன ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: படிக்கவே இல்லை, தெரிந்தும் தவறினேன், குருட்டடி. குருட்டடி என்று எழுதப் பிள்ளைகளுக்குக் கூச்சம். அப்பா பார்த்தால் திட்டுவார் என்ற பயம்தான் காரணம்.

இந்த வேலை என்ன காட்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பிள்ளை 180-இல் 170 கேள்விக்கு வட்டம் போட்டிருக்கிறாள். 120 சரி, 50 தப்பு. சரிக்கு நான்கு மார்க், தப்புக்கு ஒன்று கழியும். 480-இலிருந்து 50 போக 430. அந்த ஐம்பதில் இருபத்தைந்து குருட்டடி என்றால், அவற்றைச் சும்மா விட்டிருந்தாலே 455. புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் 25 மார்க். "தெரிந்தும் தவறினேன்" பத்து இருந்தால், ஒவ்வொன்றும் சரியாகும்போது ஐந்து மார்க் ஏறும். அது இன்னொரு 50. இப்படிப்பட்ட தாளோடு வருகிற பிள்ளையிடம் நான் தயங்காமல் எழுது என்பேன். "படிக்கவே இல்லை" என்பது உயிரியலில் குவிந்து கிடந்தாலும் எழுதலாம். 90 கேள்வி, 360 மார்க். என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற பொறுமை இருந்தால் ஒரு வருடத்தில் ஏறுகிற பாடம் அது.

இயற்பியலில் குவிந்து கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். என் பாடத்தை நானே இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். சூத்திரம் தெரியும், கணக்கு வரவில்லை என்றால் பயிற்சியால் சரியாகும். பதினொன்றாம் வகுப்பு இயக்கவியலே புரியாமல் பன்னிரண்டைத் தாண்டி வந்த பிள்ளைக்கு முதல் நான்கைந்து மாதம் அஸ்திவாரம் போடவே போய்விடும். அதற்குச் சம்மதம் என்றால் வா என்பேன். ஷார்ட்கட் கேட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

அப்புறம், இந்த வருடம் என்ன மாறப் போகிறது என்று கேளுங்கள். அதே சென்டர், அதே நோட்ஸ், அதே போன் கையில் என்றால் ரேங்கும் ஏறக்குறைய அதேதான். கேரளத்துக்கு அனுப்புவதென்றால் மொழியை யோசியுங்கள். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத்தில் நடத்தினாலும் சமாளித்துவிடுவார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து போனவர்கள் முதல் இரண்டு மாதம் வாத்தியார் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பணத்தையும் பேச வேண்டும். ரப்பர் பால்வெட்டை நம்பி ஓடுகிற வீட்டில் மழைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும், ஹாஸ்டல் பில் நிற்காது. நகையை அடகு வைத்துத்தான் ரிப்பீட் என்றால் நான் வேண்டாம் என்பேன், வீட்டிலிருந்தே படிக்க வழி பார்க்கலாம். அடகு நகையை நினைத்துக்கொண்டே பிள்ளை எப்படிக் கணக்குப் போடும்?

நீட்டுக்கு உச்ச வயதும் இல்லை, இத்தனை தடவைதான் என்ற வரம்பும் இல்லை. அதுதான் ஆபத்து. முதல் ரிப்பீட் நியாயம். இரண்டாவதற்கு, முதல் ரிப்பீட்டில் ரேங்க் நன்றாக முன்னேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் போகிறவர்களை நான் ஊக்குவிப்பதில்லை.

வேறு கதவுகளையும் தட்டிப் பாருங்கள். இதே நீட் மார்க்கில் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பிஎஸ்சி நர்சிங், கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மார்க்கே போதும். மனசார பிடித்தால் சேருங்கள். சேர்ந்துகொண்டே நீட்டும் எழுதுகிறேன் என்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டையுமே கோட்டைவிட்ட கதைதான். பாதியில் விலகப் போனால் ஒரிஜினல் சான்றிதழைத் தர முழுக் கட்டணம் கேட்கிற கல்லூரிகளும் உண்டு. என் மாணவி ஒருத்தி டிசிக்காக அலையாத அலைச்சல் இல்லை. அகில இந்தியக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றிலும் கவனம் வேண்டும்: இடம் ஒதுக்கப்பட்டுச் சேராமல் விட்டால் அடுத்த தேர்வையே எழுத முடியாமல் போகலாம். விளக்கக் குறிப்பேட்டை வரி வரியாகப் படியுங்கள்.

பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, அறையை விட்டு வெளியே வரவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், முதலில் அதைப் பாருங்கள். 104-க்கு அழைத்தால் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

எழுதுவது என்று முடிவானால் டிசம்பரில் ஒரு சோதனை வையுங்கள். பழைய தாள் ஒன்று, அச்செடுத்த ஓஎம்ஆர், கருப்புப் பந்துமுனைப் பேனா. நேரம் மதியம் இரண்டிலிருந்து ஐந்து, நிஜத் தேர்வு அப்போதுதானே. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு அந்த நேரத்தில் கண் சொக்காமல் இருக்கப் பழக வேண்டும், இதை எந்தச் சென்டரும் சொல்லித் தராது. திருத்தியபின் அதே மூன்று வகையில் பிரியுங்கள். குருட்டடி குறைந்து, "படிக்கவே இல்லை" பாதியாகியிருந்தால் போகிற பாதை சரி. அப்படியே இருந்தால் படிப்பை நிறுத்த வேண்டாம், ஆனால் இ-சேவை மையத்துக்கு ஒரு நடை போய் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். நர்சிங், வேளாண்மை விண்ணப்பங்கள் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காது.