போட்டோக்களைச் சேர்த்து வைக்க ஹார்டு டிஸ்க் வாங்கும்போது

எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சீகேட்டா, வெஸ்டர்ன் டிஜிட்டலா, தோஷிபாவா என்று அரைமணி நேரம் யோசித்து ஒன்றை வாங்கி வந்து, போனிலும் லேப்டாப்பிலும் இருந்த படங்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு, இடம் வேண்டுமே என்று பழையதை அழித்தும் விடுகிறார்கள். முன்பும் ஒரே பிரதி, இப்போதும் ஒரே பிரதி. எந்தக் கம்பெனி டிஸ்க்கும் ஒருநாள் படுக்கும், அதனால் விலை கூடிய ஒன்றுக்குப் பதில் சாதாரணமானதில் இரண்டு வாங்குங்கள். வாரன்டியை நம்பி இருக்காதீர்கள். டிஸ்க் போனால் புது டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த காதுகுத்துப் படங்களைத் தரமாட்டார்கள்.

எவ்வளவு பெரிதாக வாங்குவது? 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல், 25, 30 எம்பி வரும், ஆக ஒரு கல்யாணத்தில் 3000 படம் எடுத்தால் 80, 90 ஜிபி போய்விடும். போன் படங்கள் மட்டும்தான் என்றால் பெரும்பாலான வீடுகளுக்கு 2 டிபி தாராளம். கம்ப்யூட்டரில் சொருகினால் 1.81 டிபி என்றுதான் காட்டும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம், டிஸ்க் கம்பெனியும் கம்ப்யூட்டரும் கணக்குப் போடும் முறை வேறு, அவ்வளவுதான்.

பாக்கெட்டில் வைக்கும் 2.5 இன்ச் டிரைவ்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்காருமே, அதேபோலத் தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். நடுவில் ஒன்றை மாற்றவேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் பெயர்த்துத் திரும்ப எழுதவேண்டும், அதனால்தான் நிறைய ஃபைல்களை ஒரே மூச்சில் ஏற்றும்போது வேகம் திடீரென்று படுத்துவிடுகிறது. ஒருமுறை ஏற்றிவிட்டுப் பீரோவில் வைக்க இது போதும். தினமும் எடிட் செய்கிறவர்களும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வைக்கப் போகிறவர்களும், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையான சிஎம்ஆர் என்று தெளிவாகப் போட்டிருக்கும் 3.5 இன்ச் டிரைவையே கேட்டு வாங்குங்கள்.

சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும். வேலை செய்வதற்கு அருமை. ஆனால் மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் மூடி வைப்பதற்கு ஏற்றதில்லை, அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, மெல்லக் கசியும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். அப்புறம், ஆன்லைனில் 2000 ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று வருவதெல்லாம் மோசடி. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்று பெரிய கொள்ளளவு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டிப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும்.

சரி, ஏற்றும் முறை. கேமரா கார்டிலிருந்து கட்-பேஸ்ட் வேண்டாம், காப்பி மட்டும். போல்டர் பெயரை 2024-06-14 என்று தேதியில் ஆரம்பித்தால் தானாகவே வரிசையில் நிற்கும். டெராகாப்பி என்ற காப்பி செய்யும் நிரலில் வெரிஃபை போட்டு ஏற்றினால் நகல் சரியாக விழுந்ததா என்று ஒப்பிட்டும் சொல்லிவிடும். இரண்டு டிஸ்க்கிலும் ஏறி, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்யவேண்டும். முதல் டிஸ்க்கையும் இரண்டாவதையும் ஒப்பிட ஃப்ரீஃபைல்சிங்க் என்ற நிரல் போதும். அதில் மிரர் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அங்கேதான் கவனம்: முதல் டிஸ்க்கில் தெரியாமல் ஒரு போல்டரை அழித்துவிட்டு மிரர் கொடுத்தால் இரண்டாவதிலிருந்தும் அதைத் தூக்கிவிடும். அப்டேட் முறையையே வைத்துக்கொள்ளுங்கள், அது புதியதைச் சேர்க்கும், எதையும் அழிக்காது. நாஸ் பெட்டியில் ரெய்டு (ஒரே தகவலை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ஏற்பாடு) போட்டிருக்கிறேன், பேக்கப் எதற்கு என்பவர்களுக்கும் இதே ஆபத்துதான், ஒன்றில் அழித்தது அந்த நொடியே மற்றதிலும் போய்விடும்.

மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் பீரோவோடு மூழ்கியவர்களுக்கு எத்தனை டிஸ்க் இருந்தும் என்ன பயன்? ஒன்றை அக்கா வீட்டிலோ ஆபீஸிலோ வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். கிளவுட் என்றால், கூகுள் போட்டோஸின் கணக்கில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். போனில் அந்த ஆப்பில் டிலீட் கொடுத்தால் கிளவுடிலும் போகும், 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் எடுத்தால் உண்டு. 500 ஜிபியை மொத்தமாக ஏற்ற, அப்லோடு வேகம் நிஜமாகவே 50 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் இரவில் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்குகளைச் சொருகி டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் பாருங்கள். கெட்டுப்போன இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற வரிகளில் எண் பூஜ்ஜியத்தை விட்டு ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்கவேண்டியதுதான். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கேபிளைப் பிடுங்குங்கள், ரெக்கவரி மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள், ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒவ்வொரு முறை ஓட விடும்போதும் தகட்டில் கீறல் கூடலாம்; வேறு பிரதி இல்லையென்றால் டிஸ்க்கைத் திறந்து வேலை பார்க்கத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் ரெக்கவரி லேபுக்குத்தான் போகவேண்டும், அதற்கு அவர்கள் கேட்கும் பணத்தில் நாலைந்து புது டிஸ்க் வாங்கியிருக்கலாம்.